ஹில்டாவின் பிஸ்கட் சத்தம்

பேய்க்கதை எழுதுகிற மனுஷனுக்கு இருட்டென்றால் பயம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நீலவேணியும் முதலில் நம்பவில்லை. லண்டனில், லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய செங்கல் வீட்டில் பட்டப்பகலிலும் மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தப்பித்தவறி அணைத்துவிட்டால் உள்ளே இருந்து ஒரு கூச்சல் வரும். முப்பத்தொரு நாவல் எழுதி ஊரை நடுங்கவைத்த நோர்மன் கோட்ரி, விளக்கில்லாமல் தன் வீட்டுக் குளியலறைக்குக்கூடப் போகமாட்டார். எழுதுவதும் பகலில்தான், திரைச்சேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, வெயில் வருகிற நாளாக இருந்தால் வெயிலில்.

அவருக்குக் கை நடுக்கம் வந்து பேனாவும் தட்டச்சு இயந்திரமும் கைவிட்டுப் போன காலத்தில்தான் நீலவேணி அந்த வீட்டுக்குள் வந்தாள். யாழ்ப்பாணத்தில் டைப்பிங் படித்தவள் அவள். நூலகத்து விளம்பரப் பலகையில், எழுத்தாளர் ஒருவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய ஆள் தேவை என்று கண்டு, சரித்திரம் எழுதுகிற யாரோ பெரியவராக்கும் என்று நினைத்துப் போனாள். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்ன முதல் வசனமே, மூடிக் கிடந்த கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் கை மேலே வருவதைப் பற்றியது. ஐயோ சிவனே என்று இவளுடைய விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலையில் தண்ணீர் வார்த்துத் திருநீறு பூசிக்கொண்டாள்.

"விசர் மனுஷன் போல கிடக்கு. நான் நாளைக்குப் போகேல்லை," என்றாள் கணவனிடம்.

விக்னேஸ்வரன் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பேய்தானே? சம்பளம் தாற பேய் நல்ல பேய். நீ போ," என்றான்.

போனாள். ஆறு வருடம் போனாள். போகப்போகப் பேய்களும் பழகிவிட்டன. கழுத்தில்லாத பாதிரியார், சுவருக்குள் வசிக்கிற பெண்பிள்ளை எல்லோரும் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்கள். சோறு வடிக்கும்போதுகூட, அந்தப் பாதிரியாரைக் கோட்ரி அடுத்த அத்தியாயத்தில் என்ன செய்யப்போகிறாரோ என்று யோசிப்பாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் இரண்டு பேரும் பேசியது இங்கிலிஷில். அதை நான் எங்கள் பேச்சிலேயே தருகிறேன். வெள்ளைக்காரன் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறானே என்று சிரிக்காதீர்கள். நீலவேணி பிறகு அதையெல்லாம் தன் மனசுக்குள் அப்படித்தான் கேட்டாள்.

கோட்ரி இறைச்சிக்கடைக்காரரின் மகன். காஸ் கம்பனி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரங்களில் தன் முதல் நாவலை எழுதினார். ஏழெட்டுப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்த நாவலை, ஒரு பதிப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஹில்டா என்ற இளம்பெண் குப்பைக்குப் போகிற குவியலில் இருந்து எடுத்து வாசித்தாள். வாசித்த அன்று அவள் தன் அறையில் தனியே தூங்கப் பயந்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். அந்தப் பயத்தில்தான் கோட்ரியின் வாழ்க்கை தொடங்கியது. எழுபதுகளில் மனுஷனுக்கு ராஜயோகம். ரயில் நிலையக் கடைகளில் எல்லாம் அவர் புத்தகம். எந்தக் கதையாக இருந்தாலும் அட்டையில் ஒரு மண்டையோட்டைப் போட்டுவிடுவார்கள், உள்ளே மண்டையோடே இருக்காது. படம் எடுக்கிறோம் என்று ஒரு கூட்டம் வந்து விருந்து கொடுத்துவிட்டுப் போனது. போனது போனதுதான்.

பிறகு காற்று மாறியது. சனங்களுக்கு வேறு மாதிரிப் பயங்கள் பிடித்துப்போயின. பதிப்பகம் கைமாறியது, ஹில்டாவை ஓய்வில் அனுப்பினார்கள், கோட்ரியின் புத்தகங்கள் பழைய சாமான் விற்கிற தர்மக்கடை வாசலில் பெட்டிக்குள் கிடந்து மழையில் ஊறின. கடைசி இரண்டு நாவல்களை அச்சிட ஆளில்லை. கலியாணமும் செய்யவில்லை, பிள்ளை குட்டியும் இல்லை. ஆனாலும் எழுதினார். யாருக்கு என்று கேட்டால், ஹில்டாவுக்கு.

ஹில்டா சட்டன் என்ற ஊரில் இருந்தார். புருஷன் செத்து, தனியே. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கோட்ரி அவருக்குப் போன் எடுத்து அந்தக் கிழமை முழுக்க எழுதியதை வாசித்துக் காட்டுவார். ஹில்டா அந்தப் பக்கம் பிஸ்கட் கடித்துக்கொண்டு கேட்பார். அந்தக் கடிக்கிற சத்தம்தான் கோட்ரிக்குப் பரீட்சை. சத்தம் தொடர்ந்து வந்தால் கதை சரியில்லை. திடீரென்று நின்றுவிட்டால், நீலவேணியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார். அப்போது அந்தக் கிழட்டு முகத்தைப் பார்க்க வேண்டும், பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பொடியன் தோற்றான்! காதலா என்று கேட்கிறீர்களா? நீலவேணியும் கேட்டுப்பார்த்தாள். "அவவுக்குப் புருஷன் இருந்தவர், எனக்கு வேலை இருந்தது," என்று மட்டும் சொன்னார்.

ஹில்டாவின் வாய் பொல்லாத வாய். மந்தம் என்பார், இதற்குப் பூனைக்குட்டிகூடப் பயப்படாது என்பார். அதிலும் முடிவு என்று வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஒரு நாவலின் முடிவையாவது அவர் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. திரும்ப எழுது, திரும்ப எழுது என்று ஆளை உருக்கிவிடுவார். கோட்ரி ரிசீவரை வைத்துவிட்டு அரைமணி நேரம் வைவார், பிறகு திரும்ப எழுதுவார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மாசி மாதம் கோட்ரிக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்தவரை அதிரவைக்கக்கூடாது, மனசை அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். புதிய நாவல் பாதியில் நின்றது. வாடகை அறை ஒன்றில் தங்குகிற ஒருவன், வீட்டுக்காரி தேநீருக்குத் தண்ணீர் வைக்கிற கேத்தில் கொதிக்கிற சத்தத்தை மட்டும் தினமும் கேட்கிறான், வீட்டுக்காரியைக் காணவே இல்லை என்கிற கதை. இதை ஹில்டாவுக்கு முடித்துக் காட்டிவிட்டால் போதும், பிறகு போய்ச்சேரலாம் என்று படுக்கையில் கிடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமைதான் போன் மணி அடித்தது. கீழே சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டிருந்த நீலவேணி எடுத்தாள். ஹில்டாவின் மகன். அம்மா நேற்றுக் காலமாகிவிட்டார், மூளையில் இரத்தக்கசிவு என்றார். அடுத்த வியாழக்கிழமை சட்டனில் இறுதிக்கிரியை, கோட்ரி நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம் என்றார். குரல் உடையாமல், மரியாதையாக, வெள்ளைக்காரர்கள் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

 மேலேயிருந்து கோட்ரி, "ஆரது?" என்று கேட்டார். நம் சனங்களுக்கு இந்த இடத்தில் யோசனை தேவையில்லை. நோயாளிக்குச் சாவுச்செய்தி சொல்வதா? யாராவது சொல்வார்களா? தகப்பன் செத்ததைப் பிள்ளைப்பெற்றவளுக்கு மறைப்போம், மகன் செத்ததைத் தாய்க்கு மறைப்போம். பாவம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். அவர் மிகவும் சுகமில்லாமல் இருக்கிறார், தெம்பு வந்ததும் நானே சொல்கிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். அவரும் வற்புறுத்தவில்லை. பிறகு படியேறிப்போய்ச் சொன்னாள்.

"ஹில்டாவின்ர மகன். அவவுக்குத் தொண்டையில ஒப்பரேஷனாம். கதைக்கேலாதாம். ஸ்கொட்லாந்துக்குத் தன்னோட கூட்டிக்கொண்டு போறாராம்."

"கதைக்கேலாதாமோ? ஹில்டாவுக்கோ?" கோட்ரி சிரித்தார். "அப்ப ஸ்கொட்லாந்துக்காரர் தப்பினாங்கள்."

அன்று வீட்டுக்குப் போய் விக்னேஸ்வரனிடம் சொல்லி அழுதாள். "கலியாணத்துக்கே ஆயிரம் பொய் சொல்லலாமாம். ஒரு உயிரைக் காப்பாத்த ஒண்டு சொன்னால் என்ன? கிழவன் கொஞ்சம் தேறட்டும். ஆறுதலாச் சொல்லலாம்," என்றான் அவன்.

கிழவன் தேறினார். அதுதான் வினையாகிப்போனது. எழுதியதைத் தபாலில் அனுப்பு, மகன் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும், அவள் தலையாட்டியோ கையாட்டியோ கருத்துச் சொல்லாமல் இருக்கமாட்டாள் என்றார். நீலவேணி சரி என்று தலையாட்டினாள். அத்தியாயங்களை உறைக்குள் போட்டுத் தன் வீட்டு அலுமாரியில் அடுக்கினாள். திங்கட்கிழமைகளில் கருத்தோடு வந்தாள். ஹில்டா போனில் சொன்னதெல்லாம் ஆறு வருடமாகக் காதில் இருந்தபடியால் அது கஷ்டமாக இருக்கவில்லை. கேத்தில் சத்தம் அடிக்கடி வருகிறதாம், ஒரு அத்தியாயத்துக்கு ஒருக்கால் போதுமாம் என்பாள். அந்த வாடகைக்காரன் சரியான பேயன், மடையன், ஏன் கதவைத் தட்டிப்பார்க்கவில்லை என்று கேட்கிறாவாம் என்பாள். கோட்ரி வைவார். பிறகு, "அவ சொல்றது சரிதான்," என்று திருத்துவார். ஹில்டாவுக்குப் பூ அனுப்பச் சொல்வார், அதையும் அனுப்பியதாகச் சொல்வாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கருத்துகளால் கதை மெருகேறியது. உள்ளுக்குள் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது, வந்த கையோடு வெட்கமும் வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைப்பாள். பங்குனியில் அவருக்குச் சளி. சித்திரையில் கதை நல்ல கட்டத்தில் நின்றது. வைகாசியில், இவ்வளவு நாள் மறைத்துவிட்டு இனி எந்த முகத்தோடு சொல்வது? புத்தகம் முடியட்டும் என்றான் விக்னேஸ்வரன். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

ஆனியில் முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் வாடகைக்காரன் தானாகவே போய்க் கேத்திலை அடுப்பில் வைக்கிறான். அவ்வளவுதான். சொல்லி முடித்தபோது கோட்ரியின் சட்டை வியர்வையில் நனைந்து, முகம் வெளுத்துப் போயிருந்தது. தட்டச்சு செய்த நீலவேணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைத் திரும்ப எழுது என்று இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? பாவம், போகிற காலத்தில் ஒரு நல்ல சொல் கேட்கட்டுமே என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை அவர் கதிரையில் காத்துக்கொண்டிருந்தார். தலை வாரி, நல்ல கார்டிகன் போட்டிருந்தார்.

"என்னவாம்?"

"முடிவு நல்லாப் பிடிச்சுதாம். ஒரு சொல்லும் மாத்த வேண்டாமாம்."

"ஒரு சொல்லுமோ?"

"ஓம். ஒரு சொல்லும்."

"அழுதவவாமோ?"

நீலவேணி, அவருக்கு அது ஆசையாக இருக்கும் என்று நினைத்து, "ஓம், அழுதவவாம்," என்றாள்.

கோட்ரி யன்னலைப் பார்த்தார். வெளியே சந்தைக்காரர்கள் தக்காளிப்பழம் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

"எப்ப செத்தவ?" என்று கேட்டார்.

அவளுக்கு இன்னொரு பொய் வரவில்லை.

"மாசியில."

"இது ஆனி."

"ஓம்."

"செத்தவீட்டுக்கு ஆர் போனது? ஆர் கதைச்சது?"

"தெரியாது. நீங்கள்தான் கதைக்கவேணும் எண்டு அவ சொல்லியிருந்தவவாம். மகன் சொன்னவர்." அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தாள்.

"எந்த நாள்?"

"ஒரு வியாழக்கிழமை."

"அண்டைக்கு நான் என்ன செய்தனான்?"

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று காலையில் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய் ஹில்டாவுக்கென்று ஒரு விளக்கேற்றிவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். "தலைமயிர் வெட்டுவிச்சனீங்கள். வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டு. நல்ல சந்தோஷமா இருந்தனீங்கள். அந்தப் பொடியனுக்குப் பாட்டுப் பாடிக் காட்டினனீங்கள்."

"பாட்டு," என்றார் கோட்ரி. அவருடைய நடுங்குகிற கை கதிரைப் பிடியில் படபடவென்று அடித்துக்கொண்டது. மற்றக் கையால் அதை அமத்திப் பிடித்தார். "வேணி, நான் செத்தவையை எழும்பி வரப்பண்ணியிருக்கிறன். உயிரோட புதைச்சிருக்கிறன். எல்லாம் எழுதியிருக்கிறன். செத்துப்போனவவுக்கு ஒருத்தன் கிழமைக்குக் கிழமை கதை சொல்லிக்கொண்டிருக்கிறான், பூ அனுப்பச் சொல்லுறான், பக்கத்தில நிக்கிற ஆளுக்கு எல்லாம் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. இப்பிடி ஒண்டை நான் யோசிக்கவே இல்லை. இவ்வளவு கொடூரமா எனக்கு எழுதத் தெரியாது."

நீலவேணிக்கு அழுகையோடு கோபமும் வந்தது. கொடூரமா? மாதக்கணக்காக இந்த மனுஷனின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவளைப் பார்த்தா அந்தச் சொல்?

"நீங்கள் செத்துப்போகக்கூடாது எண்டுதான் சொல்லேல்லை! எங்கட ஆக்கள் அப்பிடித்தான். நான் என்ர அம்மாவுக்கே சொல்லேல்லை, தெரியுமோ?"

"என்னத்தை?"

"என்ர தம்பி சந்திரகுமார். வெளிநாடு போகவெண்டு கொழும்புக்கு வந்த இடத்தில பிடிச்சுக்கொண்டு போனவங்கள். செத்திட்டான் எண்டு எங்களுக்குத் தகவல் வந்திட்டுது. அம்மா அப்பதான் லண்டனுக்கு எங்களிட்ட வந்தவ. நெஞ்சு வருத்தக்காரி. தம்பி பிரான்சில நிக்கிறான், விசா இல்லை, அதாலதான் வரேலாமல் கிடக்கு எண்டு சொன்னம். அவன் போன் எடுத்தவன் எண்டு நானே சொல்லுவன். குளிராம் எண்டு சொல்லுவன். நல்ல வேலையாம் எண்டு சொல்லுவன். அம்மா நிம்மதியா இருந்துதான் கண்ணை மூடினவ. அது கொடூரமோ?"

கோட்ரி வயசான ஆளானாலும் அது கதைக்காரனின் புத்தி, கதையில் இடறுகிற இடம் எதுவென்று தன்பாட்டில் தேடிக்கொண்டிருந்தது.

"அவ தானாக் கேக்கமாட்டாவோ? மகன் போன் எடுத்தவனோ எண்டு?"

"கேப்பா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேப்பா. தம்பி சாப்பிட்டவனாமோ, ஆர் சமைச்சுக் குடுக்கிறது எண்டு துளைச்செடுப்பா. எனக்குப் பதில் சொல்லி முடியாது." சொல்லும்போதே நீலவேணி லேசாகச் சிரித்தாள். "பிறகு பிறகு கேக்கிறதை விட்டிட்டா."

"எப்ப விட்டவ?"

"வந்து ஒரு வருஷம் இருக்கும். நான் நினைச்சன்..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

என்ன நினைத்தாள்? ஒன்றும் நினைக்கவில்லை. அப்பாடா, கேள்வி நின்றுவிட்டது என்று மூச்சு விட்டாள், அவ்வளவுதான். தம்பிக்கு விளைமீன் குழம்பென்றால் உயிர். அந்த வருடம்தான் அம்மா மீனையே விட்டார். பல் ஏலாது பிள்ளை என்றார். பல் ஏலாத மனுஷி முறுக்குக் கடிப்பதைக் கண்டும் இவளுக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போன் எடுத்தவன் அம்மா என்று இவளே வலியப் போய்ச் சொல்லும்போது, "அப்பிடியோ, சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாமி கும்பிடுகிறார் என்று இவள் டீவிச் சத்தத்தைக் குறைப்பாள். மகள் இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்கிறாளே, அவள் மனம் நோகக்கூடாது என்று தாய் அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் வாய்விட்டுக் குழறி அழ அந்த மனுஷியால் முடியவில்லை.

நீலவேணி மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் கோட்ரி," என்றாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

கோட்ரி அவளைப் பார்த்தார். அவருடைய கண்ணில் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட அவருக்கு அன்று எல்லா நியாயமும் இருந்தது. 

"இல்லை," என்றார். "வயசுபோனால் ஆக்கள் கேக்க மறந்துபோவினம். என்ர அம்மாவும் அப்பிடித்தான். நேற்றுக் கேட்டதை இண்டைக்குக் கேக்கமாட்டா. அவவுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது."

ஆறு வருடமாக அவர் கட்டிய கதைகளைத் தட்டச்சு செய்தவள் அவள். இதுவும் இப்போது அந்த இடத்தில் இருந்து கட்டியதுதான் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஓம்," என்றாள். "மறந்துதான் போயிருப்பா."

கோட்ரி திரும்ப யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. நீலவேணி மேசையில் தலையைக் கவிழ்த்து, அம்மா சாத்திய கதவுக்குள் தனியே அழுத அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து அழுதாள்.